பொடியனுக்குத் தீனி

பால் பொங்க இன்னும் நாலு நிமிஷம் ஆகும், அதற்குப் பிறகு இஞ்சி, அதற்குப் பிறகு தேயிலை, தீயைக் குறைத்து இரண்டு நிமிஷம், வடிகட்ட ஒரு நிமிஷம், ஆக எட்டு நிமிஷத்துக்குள் முடிவு பண்ணிவிடலாம், பண்ணிவிடுவேன், இந்த அடுப்புக்கு முன்னால் நின்று நான் அவிழ்க்காத சிக்கல் எதுவும் இந்த எட்டு மாதத்தில் இல்லை. எங்கள் விளையாட்டில் மழைக்குக் கரைந்துபோன கோட்டையை இங்கே நின்றுதான் மறுபடியும் எழுப்பினேன். பகடை சரியாக விழாமல் மைதீனின் வாள்வீரன் கிணற்றுக்குள் விழுந்து செத்துப்போன அன்றைக்கு, அந்தக் கிணற்றின் அடியில் ஒரு படிக்கட்டு இருந்தது என்பதை இதே பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டுதான் கண்டுபிடித்தேன். அவர்களுக்கும் இது தெரியும். டீ போட்டுட்டு வந்து சொல்லுதேன் என்று நான் எழுந்ததுமே, மாப்ள மாட்டிக்கிட்டான், பால் காய்ச்சப் போறான் என்று மைதீன் கைதட்டினான். ரோஸ்லின் தனக்கு அரைக் கரண்டி சீனி போதும் என்றாள். மூன்றாவது ஆள் சொல்ல வேண்டியதை முன்பே சொல்லி முடித்திருந்தாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக, யாரும் கேட்காமல், பகடையைத் தொடாமல், மேசையில் விரித்திருந்த வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் செண்பகவல்லி ஒரு வாக்கியம் சொன்னாள். "அண்ணே, இதை நான் வச்சுக்கிடலாமா?" இது என்றால் டிராகன் குட்டி. முட்டையிலிருந்து வந்து ஒரு வாரமே ஆன, இறக்கை காயாத, தும்மினால் பொறி பறக்கிற குட்டி. வச்சுக்கிடலாமா. துணிக்கடையில் மீந்துபோன துண்டைக் கேட்பதுபோலக் கேட்டாள். பாலில் இன்னும் ஆடைகூடக் கட்டவில்லை.

விளையாட்டு என்று வெளியே சொன்னால் சீட்டா கேரமா என்று கேட்கிறார்கள். நான் ஒரு கதை சொல்கிறேன், அதற்குள் இவர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு வேஷத்தில் இருக்கிறார்கள், நான் சொல்லிச் சொல்லி ஓர் இடத்தில் நிறுத்துவேன், இப்போ என்ன செய்யுதீங்க என்பேன், அவர்கள் சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை தீர்மானிக்கும், அவ்வளவுதான். மைதீன் கொடுவாள் காசி என்கிற வீரன். ரோஸ்லின் பச்சைப்புடவைக்காரி என்கிற மந்திரக்காரி, அந்தப் பெயரை மாற்றச் சொல்லி எவ்வளவோ கேட்டும் மாற்றவில்லை. செண்பகவல்லி, எங்களுக்குச் செண்பா, சுண்டெலி, பூட்டுத் திறக்கிறவள், உருவத்தில் சிறியவள், எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவாள். ஞாயிறு இரண்டு மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிவரை. மற்ற ஆறு நாளும் ஸ்கேன் சென்டரில் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவது என் வேலை. முப்பத்திரெண்டு என்று நான் கூப்பிட்டால் முப்பத்திரெண்டைக் கையில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் இருப்பவருக்கே கேட்காது, பின்னாலிருந்து நர்ஸ் அக்கா ஒரு சத்தம் கொடுத்தால்தான் எழுந்து வருவார். கோமதிநாயகம், உன் தொண்டையில ஆருப்பா பஞ்சை வச்சா என்பாள். ஆனால் இந்த மேசையில் என் சத்தம் போதும், மூன்று பேரும் முன்னால் குனிந்து கேட்பார்கள், சத்தம் போடாதவன் சொல்வதைக் குனிந்துதான் கேட்க வேண்டும். முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டேன், நான் சொல்லும்போது யாராவது உம் கொட்டணும், இல்லாவிட்டால் எனக்குக் கதை வராது. எங்கள் வீட்டில் தாத்தாவும் ஆச்சியும் மாறி மாறிக் கதை சொல்வார்கள், உம் நின்றால் கதையும் நின்றுவிடும், தூங்கிட்டான் என்று எழுந்து போய்விடுவார்கள், அதனாலேயே தூக்கத்திலும் உம் கொட்டப் பழகியவன் நான். மைதீன் இரண்டு வாரம் எருமை மாதிரி உம்ம்ம் என்று பண்ணிச் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். ரோஸ்லினுக்குக் குறிப்பு எழுதவே நேரம் சரியாக இருக்கும். செண்பா மட்டும் உம் என்பாள். வாக்கியம் முடிகிற இடத்தில், சரியாக, அதிகமும் இல்லாமல் குறைவும் இல்லாமல், மேசையின் அந்த மூலையிலிருந்து, உம். ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை இருந்து வரவில்லை, அன்று ஒரு மணி நேரத்தில் என் கதை வற்றிப்போயிற்று. தொண்டை சரியில்லை என்றேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை.

இஞ்சியைக் கழுவிச் சப்பாத்திக் கட்டையால் ஒரு தட்டு, இரண்டு தட்டு. நார் தெறித்துக் கையில் ஒட்டுகிறது. இன்றைக்கு இரண்டு மணிக்கு ரோஸ்லின்தான் முதலில் மாடியேறி வந்தாள், செருப்பைக் கழற்றுமுன்பே, நான் சொன்னேன்னு சொல்லிராதே நாயகம், செண்பா இன்னைக்கோட வரமாட்டாளாம் என்றாள். ஏன் என்று கேட்டேனா, கேட்டேன், என் சத்தம் அவளுக்கு விழவில்லைபோல, ஆனாலும் சொன்னாள். ரெண்டு பேரும் ஒரே ஹாஸ்டல் அறை. "நான் இருந்தாலும் இல்லாட்டாலும் கதை ஓடும்லான்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?" என்ன சொல்வது, ஓடாது என்று சொல்லியிருக்கலாம், அதை ரோஸ்லின் சொல்ல முடியாது, அவளுக்குத் தெரியாது, தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், நான் சொல்லவில்லை. அதற்குள் கீழே மைதீனின் வண்டிச் சத்தம், அதன் பின்னால் படியில் செண்பாவின் நடை, நடையா அது, பூனை பஞ்சில் நடப்பதுபோல. அவளுக்குப் பேசுவதுதான் வேலை. காலை ஒன்பதிலிருந்து ஆறுவரை காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, திரையில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும், வணக்கம் சார், உங்களுக்கு ஒரு சிறப்புச் சலுகை இருக்கிறது. பாதியிலேயே வைத்துவிடுவார்களாம். நூறு பேரில் தொண்ணூறு பேர் மூன்றாவது வார்த்தையைத் தாண்டவிடுவதில்லையாம், மீதிப் பத்தில் எட்டு பேர் திட்டுவார்களாம். இதுவும் ரோஸ்லின் சொல்லித்தான் தெரியும். ஆறு நாள் அப்படிப் பேசிவிட்டு ஏழாம் நாள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார ஓர் இடம் வேண்டும் என்று வந்தவளை, அவள் பாட்டுக்கு இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். மரியாதை என்று நினைத்துத்தான் விட்டேன். எட்டு மாதத்தில் சுண்டெலிக்கு நான் கொடுத்தது பன்னிரண்டு பூட்டு. பூட்டு, பகடை, திறந்துடுச்சு, உம். இப்போது அவள் கேட்டிருக்கிறாள். கடைசி நாளில் கேட்டிருக்கிறாள். வச்சுக்கிடலாமா. கிடையாது என்றால் சரிண்ணே என்பாள், ஆறு மணிவரை உட்கார்ந்திருப்பாள், உம் கொட்டுவாள், பாவிப்பெண், கடைசிவரை கொட்டுவாள், பிறகு படியிறங்கிப் போய்விடுவாள். மைதீன் கண்ணடிக்கிற மாதிரி ஒன்றும் இல்லை இது. என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவள். இது வேறு. சொன்னால் மைதீனுக்குப் புரியாது, உம் கொட்டினவர்களுக்குத்தான் புரியும், இல்லை, உம் கேட்டவர்களுக்கு.

கூடத்தில் வாதம் தொடங்கிவிட்டது. ரோஸ்லின் விளையாட்டு விதிப் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் இங்கே கேட்கிறது, விதி என்றால் அவளுக்கு வேதம், டிராகன் வளர வருஷக் கணக்காகும், ஆனால் குட்டியாக இருக்கும்போதே நாலு வீரனுக்குச் சமம், விளையாடுகிறவர்கள் கையில் கொடுக்கக் கூடாது என்று எழுதாத குறைதான் என்கிறாள். மைதீன், அப்போ எனக்கு ஒண்ணு வேணும், அவளுக்கு மட்டும் கொடுத்தா நான் என்ன, கொடுவாளை வச்சு வெங்காயமா நறுக்குவேன் என்கிறான். இதுதான். இதற்குத்தான் பயம். பயம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அனுபவம். கல்லூரி விடுதியில் முதன்முதலாக ஆட்டம் நடத்தியபோது அறைத்தோழன் ஒருத்தனுக்கு ஆசைப்பட்டானே என்று டிராகனைக் கொடுத்தேன், முழுசாக வளர்ந்தது, செம்பு நிறம். இரண்டே வாரம். பாலத்தில் கொள்ளைக்காரனா, டிராகனை விடு. பூட்டிய கதவா, டிராகனை விடு. அரண்மனை வாசலில் பேர் கேட்கிற காவலாளியா, பாவம் அவன் கையில் ஏடும் எழுத்தாணியும்தான் இருந்தது, டிராகனை விடு. மூன்றாவது வாரம் யாரும் பகடையையே எடுக்கவில்லை, நாலாவது வாரம் யாரும் வரவில்லை. எதையும் எரித்துவிடலாம் என்று ஆன பிறகு கதைக்கு என்ன மிச்சம் இருக்கிறது, சாம்பலும் சாம்பலைப் பற்றிய என் வர்ணனையும். அதிலிருந்து ஒன்று கற்றேன், டிராகன் தூரத்தில் இருக்கிறவரைதான் டிராகன். இந்த ஆட்டத்தில் முதலில் அதைப் பறவைநாகம் என்றுதான் சொன்னேன், டிராகன்னே சொல்லுடே, என்னமோ சித்த மருந்து மாதிரி இருக்கு என்று மைதீன் சொன்ன பிறகு விட்டுவிட்டேன். ஆனால் தூரத்தை விடவில்லை. எட்டு மாதமாக அது ஒரு நிழல், தேரி என்கிற செம்மணல் மேட்டுக்கு மேலே போய்விட்டுத் திரும்புகிற ஒரு நிழல், பனைமரங்கள் அதைப் பார்த்துத் தலை சாய்க்கும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்னபோது வந்த உம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, மற்ற உம்களைவிட அரை மாத்திரை நீளம்.

அந்த நிழல்தான் ஆத்தா. இந்தக் குட்டியின் ஆத்தா. நாற்பது பக்க நோட்டு என் அலமாரியில் இருக்கிறது, கடைசி ஆறு பக்கம் ஆத்தா வருகிற பக்கம். குட்டி என்பது வெறும் இரை, தூண்டில் புழு, அதை அவர்கள் வெட்டினாலும் சரி, விட்டுவிட்டு ஓடினாலும் சரி, ரத்தமோ அழுகையோ ஏதோ ஒன்று காற்றில் போய் ஆத்தாவை இழுத்து வர வேண்டும், தேரி முழுக்கத் தீப்பிடிக்க வேண்டும், மூவரும் பனைமரத்துக்குப் பனைமரம் ஓட வேண்டும். அருமையான ஆறு பக்கம். எழுதி முடித்த அன்று எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. இப்போது குட்டியை ஒருத்தி தூக்கி மடியில் வைத்துக்கொண்டால் ஆத்தா வந்து என்ன செய்வாள், சீராட்டிவிட்டுப் போவாளா. முடியாது என்றே சொல்லிவிடலாம், முடியாது என்பதைச் சொல்ல எத்தனையோ வழி. குட்டிக்குக் காய்ச்சல் கண்டு செத்துப்போச்சு. சீ. குட்டி தானாகப் பறந்து போச்சு, அவள் கண்ணெதிரே. அதுவும் சீ. பகடையைப் போடச் சொல்லி, பத்தொன்பதுக்கு மேல் விழுந்தால்தான் உனக்கு என்று சொல்லலாம், அப்போது இல்லை என்று சொல்வது நான் இல்லை, பகடை. இதுதான் எல்லாரும் செய்வது. கையைக் கழுவிக்கொள்வது. பகடை மூன்று காட்டும், சரிண்ணே என்பாள். பால் ஓரத்தில் முத்து முத்தாகக் கட்ட ஆரம்பித்துவிட்டது. இல்லை, பகடையைக் கொண்டு வரமாட்டேன். வாயைத் திறந்து கேட்டவளுக்கு வாயைத் திறந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் போன வாரம் நான் விட்ட ஒரு வார்த்தையால் வந்தது. முட்டை விரிசல் விட்டது, ஓடு நகர்ந்தது, உள்ளேயிருந்து ஒரு மூக்கு தெரிந்தது என்று சொல்லிக்கொண்டே போனவன், நோட்டில் எழுதியிருந்தபடி கொடூரமான ஒரு சிறு தலை எட்டிப் பார்த்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மூலையிலிருந்து வந்த உம்மில் என்ன இருந்ததோ, நான் சொன்னது, பொடியன் ஒருத்தன் எட்டிப் பாக்கான். கொடூரத்துக்குப் பதில் பொடியன். நாக்குப் புரண்டது என்றுதான் நினைத்தேன், யாரும் கவனிக்கவில்லை என்றும் நினைத்தேன். இன்று வரைபடத்தை விரித்தால் முட்டை வரைந்திருந்த இடத்தின் பக்கத்தில் பென்சிலில், எறும்பு ஊர்கிற மாதிரிச் சின்ன எழுத்தில், பொடியன். மைதீன் எழுதினால் வரைபடம் கிழியும், ரோஸ்லின் நோட்டில் மட்டும்தான் எழுதுவாள். பேர் வைத்துவிட்டாள். பேர் வைத்தால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். எங்கள் குடும்பக் கோயில் கொடைத் திருவிழாவில் வெட்ட ஆறு மாதம் முன்பே கிடா வாங்கிக் கட்டுவார்கள், அதற்குப் பேர் வைக்கக் கூடாது, அது என்றுதான் சொல்ல வேண்டும், அதுக்குத் தண்ணி காட்டியாச்சா, அது கயித்தை அறுத்துட்டுப் போயிட்டு, அப்படி. ஆறு வயதில் நான் ஒரு கிடாவுக்குத் தவசி என்று பேர் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் கூப்பிட்டேன், கூப்பிட்டால் அது திரும்பிப் பார்த்தது, பார்த்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். கொடை அன்றைக்கு அப்பாவின் கை போகவில்லை. திட்டிக்கொண்டே வேறு கிடா பிடிக்க ஓடினார்கள். தவசி அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தது, ஜன்னல் திரையைத் தின்றது, என் நாலாம் வகுப்பு மதிப்பெண் அட்டையைத் தின்றது, அந்த விஷயத்தில் மட்டும் எனக்கு உதவியாக இருந்தது. வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் போட்டார்கள், பேர் வச்சவன் தீனி போடட்டும். காலையில் எழுந்து அகத்திக்கீரைக்கு நான்தான் போக வேண்டும், மழையானாலும், பரீட்சையானாலும். ஒரு நாள் போகாவிட்டால் தவசி வாசலில் வந்து நின்று என்னைப் பார்க்கும், கத்தாது, பார்க்கும். கொடுப்பதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருப்பதே தப்பு. அது நடந்து முடிந்துவிட்டது, போன வாரமே, பென்சிலில். இனி அந்தக் குட்டியை என்னாலும் வெட்ட முடியாது, ஆத்தாவாலும் முடியாது. மிச்சமிருக்கிற கேள்வி தீனி. என்ன தீனி.

பொங்கிவிட்டது, தீயைக் குறை, இஞ்சியைப் போடு, தேயிலை நாலு கரண்டி, அடுப்பு மேடையில் வழிந்த பாலை ராத்திரிக்குள் துடைக்காவிட்டால் எறும்பு. என்ன தீனி போட்டால் பாலத்துக்கும் கதவுக்கும் காவலாளிக்கும் டிராகனை விடு என்று ஆகாது. மாமிசம் என்றால் மைதீன் வேட்டையாடிக் கொண்டுவந்து குவிப்பான். தங்கம் என்றால் கொள்ளையடிப்பான். தட்டுப்பாடான ஒன்றாக இருக்க வேண்டும், கடையில் கிடைக்காத ஒன்று, வாளால் பிடுங்க முடியாத ஒன்று, தீனி போடுகிறவளுக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வலிக்க வேண்டும், அகத்திக்கீரை பறிக்கக் குளத்தங்கரைவரை போவதுபோல. தவசிக்குக் கீரை மட்டுமா போட்டேன். போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன், முந்தின நாள் ராத்திரி வீட்டில் கேட்ட கதையை மறுபடியும் அதற்குச் சொல்வேன், என் சத்தம் அதற்குப் போதும், வேறு யாருக்கும் போதாமல் இருந்த சத்தம். மறந்த இடத்தில் நானாக எதையாவது போட்டு இட்டுக்கட்டுவேன். அது தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்து அசைத்து மென்றுகொண்டே கேட்கும், ஒவ்வொரு மெல்லலும் ஓர் உம். வகுப்பில் ஒரு வரி வாசிக்கச் சொன்னால் பெஞ்சுக்கடியில் பென்சில் தேடுகிறவன் ஓர் ஆட்டுக்கு முழுக் கதை சொன்னேன், ஒன்பது வருஷம் சொன்னேன், அங்கேதான் நான் கற்றுக்கொண்டது, இன்றைக்கு இந்த மேசையில் மூன்று பேர் குனிந்து கேட்பது அந்தக் கிடா போட்ட பிச்சை. தேயிலை இறங்கிவிட்டது, நிறம் வருகிறது. தீனி கதை. பொடியனுக்குத் தீனி கதை. இதோ வந்துவிட்டது, வரும் என்று தெரியும், இந்த அடுப்பு என்னைக் கைவிட்டதே இல்லை. ஒவ்வொரு முறை அவன் தீயை ஊதவும் முதலில் அவனுக்கு ஒரு கதை வேண்டும், கதை இல்லாவிட்டால் தீ இல்லை, பாலத்தில் கொள்ளைக்காரன் வாளோடு வரும்போது உட்கார்ந்து கதை சொல்ல முடியுமா, முடியாது, ஆகவே பாலத்துக்குக் காசியின் கொடுவாளே போதும். ஆத்தா? ஆத்தா வரட்டும். தேரிக்குமேல் வந்து இறங்கி, பனைமரத்தடியில் ஒருத்தி தன் பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டால் அவள் என்ன செய்வாள், எனக்குத் தெரியாது, ஆறு பக்கமும் போச்சு, போகட்டும், தெரியாமல் இருப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சரி. சரிதான். ஆனால், கரண்டி நின்றுவிடுகிறது, ஆனால் கதை சொல்ல வேண்டியது அவள். ஆறு நாள் பேசிப் பேசிக் களைத்தவள். வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வந்த ஓரிடத்தில் இங்கேயும் பேசு, பேசினால்தான் உனக்கு அது என்று சொல்வது வரமா, தண்டனையா. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வந்தவள் தலையில் இன்னொரு ஹெட்ஃபோன். இதைச் சொன்னால் நான் கதைசொல்லியா அவள் மேனேஜரா. தீயை இன்னும் குறைக்கிறேன், குறைக்க இடமில்லை. நூறு பேரில் தொண்ணூறு பேர் மூன்றாவது வார்த்தையைத் தாண்ட விடுவதில்லை. மீதிப் பத்தில் எட்டு. தவசி ஒரு தடவைகூடப் பாதியில் எழுந்து போனதில்லை, பொடியனும் போக மாட்டான். வடிகட்டியை எடுக்கிறேன். மைதீனுக்கு இரண்டு கரண்டி, ரோஸ்லினுக்கு அரை, எனக்கு ஒன்று, செண்பாவுக்கு எத்தனை, எட்டு மாதமாக ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன், அவளிடம் கேட்டதே இல்லை.

தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மின்விசிறிக்கு வரைபடம் பறக்காமல் இருக்க அவள் பகடையை அதன் மேல் வைத்திருந்தாள், முட்டை இருந்த மூலையில். டம்ளர்களை வைத்தேன். செண்பாவிடம் சீனி எத்தனை என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள், பிறகு சீனி வேண்டாம்ண்ணே என்றாள், எப்போதுமே வேண்டாம்தான் என்றாள். எட்டு மாதம் குடித்திருக்கிறாள். மைதீன் சீனி போட்டிருந்த அவள் டம்ளரையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, தீர்ப்பைச் சொல்லும் நாட்டாமை என்றான். நான் அவளுக்கு வேறு கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன், சத்தத்தைக் கொஞ்சம் தாழ்த்தினேன், எப்போதும்போல மூன்று தலையும் முன்னால் வந்தன. பொடியன் சுண்டெலியின் தோளில் ஏறிவிட்டான், நகம் குத்துகிறது, ஆனால் இறங்க மாட்டேன் என்கிறான் என்றேன். போச்சு, இனி என் வாளைப் பழைய இரும்புக்காரன்ட்ட போட வேண்டியதுதான் என்றான் மைதீன். வாயை மூடு மைதீனே என்றாள் ரோஸ்லின், புத்தகத்தில் விரலை வைத்தபடியே, ஆனால் தீனிக்கு என்ன செய்வது, மாமிசம்தானே தின்னும் என்று என்னைக் கேட்டாள். இவன் மாமிசம் தின்ன மாட்டான் என்றேன், இவனுக்குத் தீனி கதை, ஞாயித்துக்கிழமைக்கு ஒன்று, சின்னதாக இருந்தாலும் போதும், தீனி விழுந்தால்தான் தீ வரும், ஒரு வாரம் தவறினால் ஆத்தாவைத் தேடிப் பறந்துவிடுவான். யார் சொல்லணும் என்று மைதீன் கேட்டான். பென்சிலில் எழுதியிருந்த இடத்தை நான் விரலால் தொட்டேன்.

"பேரு வச்சவங்க."

அவள் கை டம்ளரை விட்டு இறங்கி மடிக்குப் போனது. இப்போது சரிண்ணே என்பாள் என்று நினைத்தேன், அந்தச் சரிண்ணே எனக்குத் தெரியும், கதவு சாத்துகிற சரிண்ணே. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக் என்றது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில்.

"எழுதி வச்சுப் பாத்துச் சொல்லணுமாண்ணே?"

வேண்டாம் என்றேன். உனக்குத் தோன்றியதைச் சொல், நல்லா இல்லாவிட்டாலும் அவன் தின்பான். அவள் பகடையை எடுத்து ஓரத்தில் வைத்தாள், போடவில்லை, வைத்தாள். காகிதத்தின் மூலை மின்விசிறிக்கு மெதுவாக எழும்பியது, இறக்கை மாதிரி, அதை உள்ளங்கையால் தடவிப் படுக்க வைத்தாள். பிறகு அதைப் பார்த்தே, எங்களுக்கு இல்லை, அதற்கு, சொன்னாள்.

"ஒரு வீட்ல ஒரு பூட்டு இருந்துச்சு. செஞ்சவன் அதுக்குச் சாவியே செய்யல."

அவ்வளவுதான். நிறுத்திவிட்டாள். வாக்கியம் முடிந்த இடத்தில் சரியாக நிறுத்தி, நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள், ஒவ்வொருத்தராக, முதலில் ரோஸ்லின், பிறகு மைதீன், கடைசியில் என்னை. நான் காத்திருந்தேன், எதற்கு என்று தெரியாமலே காத்திருந்தேன், இந்த இடத்தில் ஏதோ ஒன்று வர வேண்டும், எட்டு மாதமாக வந்துகொண்டிருக்கிறது, ஏன் வரவில்லை, கதை அந்தரத்தில் நிற்கிறது, அவள் முகத்தில் அந்தப் பழைய களைப்பு தலைகாட்டத் தொடங்குகிறது, மூன்றாவது வார்த்தையில் லைன் அறுந்துபோகும் என்று எதிர்பார்த்தே பழகிப்போன முகம், எங்கிருந்து வரவேண்டும் அது, மேசையின் அந்த மூலையிலிருந்து, அந்த மூலையிலிருந்துதான் எப்போதும், ஆனால் அந்த மூலை இப்போது கதை சொல்லிக்கொண்டிருக்கிறது.

"உம்" என்றேன்.